எஸ்.எஸ். பிள்ளையும் மேற்கோள் கணக்கும்: கேள்வி பதில்

கேள்வி: முழு எண்களை ஆராயும் எண் கோட்பாட்டில் எஸ்.எஸ். பிள்ளை பெரியவர் என்கிறார்கள். ஆனால் ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியுள்ளன என்று பதிவுசெய்யும் மேற்கோள் தரவுத்தளத்தில் தேடினால் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கிறதே, ஏன்?

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த சிவசங்கரநாராயண பிள்ளை, 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில்தான் தம் சிறந்த ஆய்வுகளைச் செய்தார். அவற்றில் பல, அப்பல்கலைக்கழகத்தின் ஆய்விதழிலும் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலும் வெளிவந்தவை. அந்த இதழ்கள் ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களைப் பெரிதாக எட்டவில்லை. மேலும், அறிவியல் கட்டுரைகளின் மேற்கோள்களை முறையாகத் தொகுத்த முதல் பெரிய அட்டவணையே 1964இல்தான் வந்தது. பிள்ளையோ 1950இலேயே மறைந்துவிட்டார்.

கேள்வி: அவருடைய சாதனையைக் கணிதம் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்ல முடியுமா, ஐயா?

முயல்கிறேன். 23 என்ற எண்ணை முப்படி எண்களின் (ஓர் எண்ணை மூன்று முறை எடுத்துப் பெருக்கினால் வரும் 1, 8, 27 போன்றவை; அதாவது அடுக்கு 3) கூட்டலாக எழுதிப் பாருங்கள். 27 பெரிதாகிவிடுவதால், இரண்டு எட்டுகளும் ஏழு ஒன்றுகளும் சேர்த்து ஒன்பது முப்படிகள் தேவைப்படுகின்றன. எந்த முழு எண்ணுக்கும் ஒன்பது போதும். இவ்வாறு ஒவ்வோர் அடுக்குக்கும் எத்தனை போதும் என்பதே வாரிங் சிக்கல். அடுக்கு 7 முதல், ஒரு சிறு நிபந்தனைக்கு உட்பட்டு, அதற்கான சூத்திரத்தைப் பிள்ளை நிறுவினார். ஏறத்தாழ அதே வேளையில் அமெரிக்காவின் டிக்சனும் தனியாக அதே முடிவை அடைந்தார். அந்த நிபந்தனை மீறப்படும் அடுக்கு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. எஞ்சியிருந்தவற்றில் ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார். 703 என்ற எண்ணுக்கு முழுதாக 73 தேவை: பத்து 64களும் (2இன் ஆறாம் அடுக்கு) அறுபத்து மூன்று ஒன்றுகளும். ஐந்தாம் அடுக்கு 1964 வரையிலும், நான்காம் அடுக்கு 1986 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது என்பதிலிருந்து வேலையின் கடுமையை ஊகிக்கலாம்.

கேள்வி: எச்-குறியீட்டெண்ணை வைத்து எண் கோட்பாட்டாளரை எடைபோடலாமா?

கூடாது என்பதே என் கருத்து. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்த அந்த அளவின்படி, பத்துக் கட்டுரைகள் தலா பத்து மேற்கோளாவது பெற்றால்தான் குறியீட்டெண் 10 ஆகும். குறைவாக எழுதி, பெரும்பாலும் தனியாகவோ ஓரிருவருடனோ எழுதி, பல ஆண்டுகள் கழித்தே மேற்கோள் பெறும் துறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கணிதத்தில் மேற்கோள்கள் மிக மெதுவாகவே வந்து சேர்கின்றன. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களை இரண்டாண்டுச் சாளரத்தில் கணக்கிடும் தாக்கக் காரணி அவற்றில் பெரும்பகுதியைத் தவறவிடுகிறது.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்றுண்டு. ஒருவரின் முடிவு துறையின் பொதுச்சொத்தாகிவிட்டால், அவருடைய மூலக் கட்டுரையை யாரும் அடிக்குறிப்பில் போடுவதில்லை. பெயர் மட்டும் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. ‘பிள்ளை பகா எண்’ என்று எழுதுகிறவர் 1930களின் இதழைத் தேடிப் போவதில்லை. அத்தகைய எண்களில் மிகச் சிறியதும் நாம் மேலே கண்ட 23தான் என்பது இனிய தற்செயல்: 1 முதல் 18 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அது 23ஆல் மீதியின்றி வகுபடும், ஆனால் 23ஐ 18ஆல் வகுத்தால் மீதி 1 அன்று, 5.

கேள்வி: அவர் எவ்வாறு மறைந்தார்?

பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தின் அழைப்பையும், ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டையும் முன்னிட்டுப் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். வயது 49.

கேள்வி: இன்றும் அவர் பெயரில் ஆய்வு நடக்கிறதா?

நடக்கிறது. இருபடி, முப்படி போன்ற அடுக்குகளாக அமையும் எண்கள் (4, 8, 9, 16 போன்றவை) இரண்டின் வித்தியாசமாக ஒரு குறிப்பிட்ட எண் எத்தனை முறை வரும் என்று அவர் கேட்டார். முடிவுள்ள தடவைகளே வரும் என்று ஊகித்தார். வித்தியாசம் 1 என்றால் 9, 8 தவிர வேறு இணை இல்லை என்பதை மிஹைலெஸ்கு 2002இல் நிறுவினார். 2 முதல் எந்த வித்தியாசத்துக்கும் ஊகம் இன்னும் திறந்தே கிடக்கிறது. வித்தியாசம் 6 வரும்படியான ஓர் இணைகூட இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்று நிறுவியவரும் இல்லை.