காணி அம்மா பெயரில், கையில் 12 இலட்சம்: வீட்டு வேலையை எங்கே தொடங்குவது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "அம்மா சீதனமாகத் தருவதாகச் சொன்ன 20 பேர்ச் காணியில் வீடு கட்டப் போகிறோம். உறுதி இன்னும் அம்மா பெயரில்தான். கையில் 12 இலட்சம் இருக்கிறது, வங்கியில் 30 இலட்சம் எடுக்க யோசனை. கணவர் தனியார் நிறுவனத்தில் 11 வருடமாக வேலை செய்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்தால் மாதம் 140,000 ரூபா வரும். மேசன் இப்போது சும்மா இருக்கிறார். அத்திவாரத்தைப் போட்டுவிட்டுக் கடனுக்குப் போகலாமா?"

போக வேண்டாம். முதலில் நொத்தாரிசிடம் போங்கள்.

மகளுக்கு வீடுவளவு கொடுப்பது மட்டக்களப்பு வழக்கம். ஆனால் வாயால் கொடுத்த சீதனம் சட்டத்தின் முன் நிற்காது. காணி கைமாற நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டுச் சட்டம். தேசவழமை யாழ்ப்பாணத்தவருக்கு உரியது, நமக்குப் பொதுச் சட்டம்தான். உறுதி எழுதாமல் அம்மா கண்ணை மூடினால் காணியில் உங்கள் சகோதரர் எல்லோருக்கும் பங்கு வரும். நீங்கள் கட்டிய சுவரும் காணியோடு சேர்ந்ததுதான். அண்ணன் தம்பியைக் குறை சொல்லவில்லை. கடன் 15 வருடம் ஓடும், அதற்குள் குடும்பத்தில் என்னென்னவோ நடக்கும்.

உறுதி எழுதும்போது பெற்றோர் பெரும்பாலும் சீவிய உரித்தை, அதாவது தாம் உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்வார்கள். அது நியாயம்தான். ஆனால் அப்படி ஒரு வரி இருந்தால், ஈடு வைக்கும்போது அம்மாவும் வந்து கையெழுத்திட வேண்டும் என்று வங்கி கேட்கும். அண்மையில் எழுதிய நன்கொடை உறுதி என்றாலே தயங்குகிற வங்கிகளும் உண்டு. ஆகவே எழுதுவதற்கு முன்பே கடன் எடுக்கப்போகும் கிளையின் சட்டப் பிரிவிடம் வாசகத்தைக் காட்டிக் கேளுங்கள். எழுதிய பிறகு திருத்தினால் இரட்டைச் செலவு. காணி உறுதிக் காணிதானா என்பதையும் பாருங்கள். அரசாங்கம் கொடுத்த உத்தரவுப் பத்திரக் காணி அல்லது அளிப்புக் காணி என்றால், பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்றவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது.

பிரதேச சபையின் கட்டட அனுமதி வரும் வரை மண்வெட்டியைத் தொட வேண்டாம். வளவு கடற்கரைப் பக்கமா? உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் வந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

இனிக் காசு. 30 இலட்சம் கடன் சரிவந்துவிட்டது என்றால் 30 இலட்சமும் கணக்குக்கு வந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி வராது. அத்திவாரம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகுதான் அந்தந்தப் பகுதி விடுவிக்கப்படும். லிண்டல் வரை எழும்பிவிட்டது, மதிப்பீட்டாளர் வரவில்லை, கம்பிக் கடைக்காரர் காசு கேட்கிறார். நகை அடகுக்குப் போவதும் வட்டிக்காரரிடம் போவதும் இந்த இடைவெளியில்தான். உங்கள் 12 இலட்சம் இதற்கான சுழல் பணம். முழுவதையும் அத்திவாரத்தில் புதைத்துவிடாதீர்கள். ஐந்து இலட்சமாவது கடைசி வரை கையில் நிற்கிற மாதிரி வீட்டின் அளவைத் தீர்மானியுங்கள். மூன்றாவது அறையைப் பிறகு சேர்த்துக் கட்டலாம்.

கணவரின் ஊழியர் சேமலாப நிதியை மறந்துவிட்டீர்கள். பத்து வருடத்துக்கு மேல் பங்களிப்பும் 3 இலட்சத்துக்குக் குறையாத மீதியும் இருந்தால், வீட்டுக்காக மீதியில் 30 சதவீதத்தை, உச்சம் 20 இலட்சம் வரை, தொழில் திணைக்களம் மூலம் எடுக்கலாம். ஓய்வுகாலப் பணம்தான், எனக்கும் அதைத் தொட விருப்பமில்லை. ஆனாலும் அடகு வட்டியை விட இது எவ்வளவோ மேல்.

தவணைக் கணக்கு இப்படி வரும். 12 சதவீத வட்டியில் 30 இலட்சத்துக்கு 15 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 36,000 ரூபா, 10 வருடம் என்றால் 43,000. மொத்தமாகப் பார்த்தால் 10 வருடத் தவணையில் 13 இலட்சம் மிச்சம். இருந்தும் 15 வருடத்தையே எடுங்கள் என்பேன், வட்டி நிலையாக நிற்காது என்பதால். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டியை வழிநடத்தும் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை அந்த வருடம் எகிறியது. உங்கள் வட்டி 15 சதவீதமானால் அதே 36,000 தவணை 42,000 ஆகும், அதை உங்கள் சம்பளம் தாங்கும். வட்டி எத்தனை வருடத்துக்கு நிலையானது, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

காலத்தையும் பாருங்கள். ஐப்பசியில் மழை தொடங்கினால் மணல் விலை ஏறும், வளவில் தண்ணீர் நிற்கும், மதிப்பீட்டாளரும் வரமாட்டார். மாசி, பங்குனியில் அத்திவாரம் போட்டு ஆவணிக்குள் கூரை ஏறும்படி விண்ணப்பத்தைக் கொடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் இருவரின் கிறிப் அறிக்கையையும், அதாவது கடன் தகவல் பணியகம் தரும் கடன் வரலாற்றையும், எடுத்துப் பாருங்கள். யாருடைய லீசிங்குக்காவது பிணை நின்றிருந்து, அவர் தவணை தவறியிருந்தால் அதுவும் உங்கள் பெயரில் தெரியும். அதைத் தீர்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.