நலிந்த நிறுவனத்துக்குப் புதுப் பணம்: எப்படி வாக்களிப்பது?

கேள்வி: நான் பல ஆண்டுகளாகப் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் கடனில் தத்தளிக்கிறது. வெளி முதலீட்டாளர் ஒருவருக்கு மட்டும் புதிய பங்குகளை ஒதுக்கிப் பணம் திரட்ட ஒப்புதல் கேட்டு, சிறப்புப் பொதுக்கூட்ட அறிவிப்பு வந்திருக்கிறது. ஆதரிப்பதா, எதிர்ப்பதா?

பதில்: தீர்மானம் தோற்றால் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனால், கடன் கொடுத்தவர்களுக்கும் ஊழியர்களுக்கும் அரசுக்கும் சேர வேண்டியது போக மீதம் இருந்தால்தான் பங்குதாரருக்கு வரும். பெரும்பாலும் மீதம் எதுவும் இருப்பதில்லை. டிஹெச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தைப் பிரமல் குழுமம் 2021-இல் எடுத்துக்கொண்டபோது, பழைய பங்குகள் மதிப்பிழந்து சந்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. ஆகவே, உங்கள் பங்கின் விகிதம் குறைகிறது என்ற ஒரே காரணத்துக்காக எதிர்க்க வேண்டாம்.

அதற்காக, "எதிர்த்தால் மூழ்கிவிடும்" என்ற அச்சத்தில் ஆதரிக்கவும் கூடாது. 2019 பிப்ரவரியில் ஜெட் ஏர்வேஸின் பங்குதாரர்கள், கடன் கொடுத்த வங்கிகளுக்கு 11.4 கோடிப் பங்குகளை மொத்தமாக ஒரே ஒரு ரூபாய்க்கு ஒதுக்கும் மீட்புத் திட்டத்துக்கு வழிவிட்டு வாக்களித்தனர். எதிர்பார்த்த பணம் வந்து சேராததால் ஏப்ரல் 17 அன்று அதன் விமானங்கள் நின்றன. 2024 நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பங்குதாரர்கள் சம்மதித்தும் மீட்பு நடக்கவில்லை. எனவே அறிவிப்புடன் வரும் விளக்க அறிக்கையில் நான் முதலில் தேடச் சொல்வது விலையை அல்ல: பணம் முழுவதும் உடனே வருகிறதா, தவணையாகவா, அது எதற்குச் செலவாகும், கடன் கொடுத்த வங்கிகள் இத்திட்டத்துக்கு எழுத்துப்பூர்வமாக உடன்பட்டுவிட்டனவா என்பதையே. இவற்றுக்குத் தெளிவான விடை இல்லாமல் "பொதுவான நிறுவனத் தேவைகளுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால், எதிர்த்து வாக்களிப்பதே சரி என்பது என் கருத்து.

கடன் தவணை தவறி, கடன் தரமதிப்பீடு மிகத் தாழ்ந்த 'டி' நிலைக்கு இறங்கிய நிறுவனங்களைப் போன்றவை எளிதாக நிதி திரட்ட, 2020 ஜூனில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஒரு தனி வழியை அனுமதித்தது. அந்த வழியில் வரும் பணத்தைக் கொண்டு புரமோட்டர்கள், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பங்குதாரர்கள், கொடுத்த கடனைத் திருப்பி அடைக்கக் கூடாது. ஒதுக்கப்படும் பங்குகளை மூன்றாண்டுகள் விற்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புரமோட்டர் அல்லாத பொதுப் பங்குதாரர்களின் வாக்குகளைத் தனியே எண்ணும்போது ஆதரவு எதிர்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் இந்த வழியில் வருகிறதா என்று அறிவிப்பிலேயே பாருங்கள். வந்தால், புரமோட்டர் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும், உங்களைப் போன்றவர்கள் மறுத்தால் தீர்மானம் நிறைவேறாது.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். வெளியாருக்குத் தரும் அதே விலையில் உங்களுக்கும் ஏன் தரவில்லை? உரிமைப் பங்கு வெளியீடாக இருந்தால், இருக்கும் பங்குக்கு ஏற்ற அளவில் நீங்களும் வாங்கலாம். பணம் இல்லாவிட்டால் அந்த உரிமையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கலாம். அதற்கு அவகாசம் இல்லை என்று நிர்வாகம் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கடன் முதிர்வுத் தேதியோடு காரணத்தைச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

கேள்வி: முடிவெடுக்க முடியாமல் வாக்களிக்காமல் இருந்துவிட்டால்?

பதில்: அது எதிர்ப்பாகக் கணக்கில் வராது. இத்தகைய ஒதுக்கீட்டுக்குத் தேவைப்படும் சிறப்புத் தீர்மானத்துக்கு, பதிவான வாக்குகளில் ஆதரவு எதிர்ப்பைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். வாக்களிக்காதவரின் பங்குகள் எந்தப் பக்கமும் சேர்வதில்லை. மின்னணு வாக்கெடுப்பு கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு முடிகிறது. பதிவு செய்த வாக்கைப் பின்னர் மாற்ற முடியாது. அறிவிப்பில் குறித்துள்ள தகுதித் தேதியில் பங்கு உங்கள் டீமேட் கணக்கில் இருந்தால் போதும்.