கூத்துப் பாட்டு அச்சில் இருக்கும்போது பழைய கொப்பிகள் எதற்கு?

கூத்து ஆவணக் கட்டு என்பது புலவர் எழுதிய பாட்டும், கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் அதைக் களரிக்கு, அதாவது ஆடும் மேடைக்கு, ஏற்றும்போது திருத்திய தாள்களும் சேர்ந்தது. மட்டக்களப்பில் ஆட்டக்காரருக்கு அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். அந்தச் சட்டங்களும் இதில் அடங்கும்.

அச்சில் வருவது முடிந்த வடிவம் மட்டும். நீளம் என்று வெட்டிய தரு என்ற கூத்துப் பாட்டு, பாத்திரம் களரிக்கு வந்து ஆடும் வரவாட்டத்துக்கு மாற்றிய தாளக்கட்டு, யார் சொல்லி யார் மாற்றினார் என்பதெல்லாம் கொப்பியின் ஓரத்தில்தான் கிடக்கும். கலியாண அல்பத்தையும் கலியாணச் செலவுக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடந்த கதை இரண்டாவதில்தான் இருக்கும்.

கட்டை அவிழ்க்குமுன் இருக்கிற ஒழுங்கிலேயே படம் எடுங்கள். மூலையில் பென்சிலால் இலக்கமிடுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுத்தால் தாள் கிழியும். பின்பக்கம் மடிந்த கால்களை முதலில் நிமிர்த்துங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். லமினேட் அதைவிட மோசம்: திரும்பப் பிரிக்கவே முடியாது. வாவிக்கரை ஈரத்தில் பொலித்தீன் பையில் இறுகக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அட்டைப்பெட்டியில் படுக்கையாக வைத்து, சுவரில் முட்டாத அலுமாரியில், நிலத்திலிருந்து உயரத்தில் வையுங்கள்.

ஸ்கேன் எடுத்தபின் தாளை எறியலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: எந்தத் திருத்தம் முந்தியது என்பதை மையின் நிறமும் அழித்த தழும்பும் சொல்லும், அவை படத்தில் சரியாக விழுவதில்லை.