கோயில் கச்சேரியைப் போனில் எடுத்தேன், யூடியூபில் போட்டேன்: ஸ்ட்ரைக் வந்துவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் நவராத்திரியில் உள்ளூர்ப் பெண் ஒருவர் பாடுவதாக இருந்தது. அவருக்குக் காய்ச்சல். வேறு வேலையாக ஊருக்கு வந்திருந்த மிகப் பிரபலமான பாடகர் ஒருவர் கேள்விப்பட்டு, தானே வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பாடினார். அறுபது பேர்தான் இருந்தோம். போனில் எடுத்து, பாட்டுக்கு ஒரு வீடியோவாக யூடியூபில் போட்டேன். பணம் எதுவும் வரவில்லை. தியாகராஜர் கீர்த்தனைக்கு ஒரு கம்பெனியின் 'கிளைம்', பாபநாசம் சிவன் பாட்டுக்குப் பாடகர் தரப்பிலிருந்து 'ஸ்ட்ரைக்'. இப்போது ஒருவர் போன் செய்து, 12,000 ரூபாய் கொடுத்தால் இரண்டையும் எடுத்துத் தருகிறேன், இல்லாவிட்டால் போலீஸ் கேஸ் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

கிளைமும் ஸ்ட்ரைக்கும் ஒன்றல்ல. கிளைம் என்பது பெரும்பாலும் யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' இயந்திரம் ஒலியை ஒப்பிட்டுப் பார்த்துப் போடும் முத்திரை. விளம்பரக் காசு அந்தக் கம்பெனிக்குப் போகலாம். உங்கள் சேனலுக்குக் கெட்ட பெயர் கிடையாது. ஸ்ட்ரைக் அப்படியல்ல. உரிமை உள்ளவர் எழுத்தில் புகார் கொடுத்து, வீடியோ நீக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலையே மூடலாம். ஒன்றுதான் என்றால், யூடியூபின் 'காப்பிரைட் ஸ்கூல்' பாடத்தை முடித்துவிட்டால் 90 நாளில் அதுவாகவே காலாவதியாகும்.

இன்று ராத்திரியே செய்ய வேண்டிய முதல் வேலை, தியாகராஜர் கீர்த்தனை வீடியோவை நீக்குவது. கிளைமால் ஆபத்து இல்லை என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்பீர்கள். ஆபத்து கிளைமில் இல்லை. சிவன் பாட்டுக்குப் புகார் கொடுத்த அதே பாடகர் தரப்பு நாளைக்கு இதையும் பார்க்கும். அப்போது இரண்டாவது ஸ்ட்ரைக். நீக்குமுன் மூலக் கோப்பு போனில் பத்திரமாக இருக்கிறதா பாருங்கள். ஸ்ட்ரைக் விழுந்த வீடியோவை நீக்குவதால் மட்டும் ஸ்ட்ரைக் போகாது. ஆனால் புகார்தாரர் சில சமயம் ஏழு நாள் அவகாசத்தோடு புகார் கொடுப்பார். அந்த அவகாசத்துக்குள் நீங்களே நீக்கிவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. இனிமேல் அப்படி மெயில் வந்தால் ஓரமாகப் போட்டுவிடாதீர்கள்.

தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், அவர் பாட்டுக்கு யார் உரிமை கொண்டாட முடியும் என்று கேட்பீர்கள். பாட்டுக்கு யாரும் கொண்டாட முடியாது. இந்தியச் சட்டத்தில் இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள்தான் கணக்கு. பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்ததால் அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. ஆனால் பாட்டு வேறு, பாடியது வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38, 38ஏ பிரிவுகள் மேடையேறியவருக்குத் தனி உரிமை தருகின்றன. பாடிய ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டுகள் அது நிற்கும். 'நிகழ்த்துபவர்' யார் என்ற பட்டியலில் பாடகர், வாத்தியக்காரர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட உண்டு. ஆகவே வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் தனித்தனியே உரிமை உண்டு. தனி ஆவர்த்தனத்தை வெட்டி ரீல்ஸ் போடுகிறவர்கள் கவனிக்க.

'கோயில் கச்சேரிதானே, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறதே' என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். 52(1)(இசட்ஏ) என்ற உட்பிரிவு அது. மதச் சடங்கு, அரசு விழா, கல்யாண ஊர்வலம் ஆகியவற்றில் ஒரு படைப்பைப் பாடுவதோ ஒலிபரப்புவதோ மீறல் ஆகாது என்கிறது. கல்யாண பேண்டு வாத்தியக்காரரிடம் லைசென்ஸ் கேட்டுத் தொல்லை செய்யக் கூடாது என்பதற்காக இருக்கிற விலக்கு. அதில் வரும் சொற்களைப் பாருங்கள்: சடங்கின் 'போக்கில்'. சாயங்காலம் மண்டபத்தில் மைக் வைத்துப் பாடியது சடங்கின் போக்கில். அம்மன் பாட்டை ஸ்பீக்கரில் போட்டதும் சடங்கின் போக்கில். நீங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வைஃபையில் ஏற்றினீர்களே, அது சடங்கின் போக்கில் இல்லை. பாடகர் சம்பளம் வாங்காமல் பாடினார் என்பதும் கணக்கில் வராது. டிக்கெட் இல்லை என்பதும் வராது. கோயில் நிர்வாகி 'எடுத்துக்கோங்க சார்' என்று சொன்னதும் வராது, ஏனென்றால் அந்த உரிமை அவரிடம் இல்லை. அந்த விலக்கு கோயிலுக்குக் குடை. கோயிலுக்குள் நின்று படம் எடுத்தவருக்கு அல்ல.

உங்களுக்கென்று இருக்கிற விலக்கு 39-ஆம் பிரிவில் இருக்கிறது: சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தது தப்பே இல்லை. ஏற்றியதுதான் தப்பு. 30 விநாடி போட்டால் பரவாயில்லை, 'உரிமை பாடகருக்கே' என்று எழுதினால் பரவாயில்லை என்பதெல்லாம் சட்டத்தில் எங்கும் கிடையாது.

இனி அந்த 12,000 ரூபாய்க்காரர். நீக்கப்பட்ட வீடியோவின் பக்கத்தைத் திறந்தால், இன்னார் புகாரால் கிடைக்கவில்லை என்று யூடியூபே ஊரறியக் காட்டுகிறது. சேனல் விவரத்தில் உங்கள் போன் எண்ணும் இருந்தால் ஆள் பிடிக்க வேறென்ன வேண்டும்? இவர்களுக்குத் தெரிந்த வித்தை மூன்று. பணத்தை வாங்கிக்கொண்டு 90 நாள் சும்மா இருப்பது ஒன்று. தானாகப் போவதைத் தான் போக்கியதாகச் சொல்வார்கள். ஜிமெயில் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்டு சேனலையே கொண்டுபோவது இன்னொன்று. மூன்றாவதுதான் மோசம்: உங்கள் பெயரில் 'கவுன்டர் நோட்டிஃபிகேஷன்' போடுவது. அது அமெரிக்கச் சட்டப்படியான உறுதிமொழி. தவறுதலாக நீக்கிவிட்டார்கள் என்று பொய்ச் சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டு நீங்கள் சொல்வதாக ஆகும். உங்கள் பெயரும் முகவரியும் புகார்தாரர் கைக்குப் போகும். வழக்கு போட அவருக்கு அமெரிக்க வேலைநாள் பத்து கிடைக்கும். உங்களிடம் உரிமை இல்லாதபோது அதைத் தொடவே தொடாதீர்கள். 'ஐபிஆர்எஸ் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்' என்பவரும் வருவார். ஐபிஆர்எஸ் என்பது பாட்டு இயற்றியவர்கள் பக்கத்து உரிமைச் சங்கம், பாடகரின் உரிமை அதில் வராது.

போலீஸ் மிரட்டலில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் எரிச்சல். 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. லாபத்துக்காகச் செய்யாததற்கு நீதிமன்றம் குறைக்கலாம், அவ்வளவுதான். லட்சக்கணக்கில் திருட்டுக் காப்பி விற்கிறவனையும் ஆசையில் ஒரு கச்சேரியை ஏற்றியவரையும் ஒரே பிரிவில் நிறுத்தியிருக்கிறார்கள். 2012-ல் பெரிய திருத்தம் செய்தபோதும் இதைத் தொடவில்லை. தரகர்கள் பிழைப்பது இதனால்தான். ஆனால் எந்தப் போலீஸும் ஜிபேயில் பணம் வாங்கி கேஸ் முடிப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் என்றால் வக்கீல் பெயர், முகவரி, கையெழுத்தோடு வரும். மறுபடி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், அழைப்புப் பதிவையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள்.

ஸ்ட்ரைக்கை முன்கூட்டியே எடுக்க நேர் வழி ஒன்றுண்டு, செலவில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் 'கன்டென்ட்' பகுதிக்குப் போய், அந்த வீடியோவுக்கு நேரே 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' பத்தியில் காப்பிரைட் என்பதைத் தொடுங்கள். புகார்தாரர் பெயரும் மெயிலும் இருக்கும். ஆறு வரி போதும்: வீடியோவின் சுட்டி, எந்தத் தேதி, எந்தக் கோயில், அனுமதி கேட்காமல் ஏற்றியது தவறு, மற்றதையும் நீக்கிவிட்டேன், இனி ஏற்ற மாட்டேன், தயவுசெய்து புகாரைத் திரும்பப் பெறுங்கள். காரணம் அடுக்காதீர்கள், 'நான் உங்கள் பரம ரசிகன்' என்று இரண்டு பத்தி எழுதாதீர்கள். மெயிலைப் படிப்பவர் பாடகர் அல்ல, அவருடைய அலுவலக ஆள். பத்து நாள் பதிலில்லை என்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் வரவில்லை என்றால் 90 நாள் முடியும் வரை அந்தச் சேனலில் வேறு எந்தக் கச்சேரியும் ஏற்றாதீர்கள்.