மஞ்சள் கறையும் மதிப்பெண்ணும்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அறிவியலில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறான். சென்ற வாரம் அவனுடைய வெள்ளைச் சட்டையில் பட்டிருந்த மஞ்சள் கறை, சோப்புப் போட்டதும் சிவந்துவிட்டது. காரணம் கேட்டால், “அது பாடத்தில் இல்லை” என்கிறான். குறை அவன் படிப்பிலா, என் எதிர்பார்ப்பிலா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் எதிர்பார்ப்பு நியாயமானது, ஆனால் மகனைக் குறை கூறவும் எனக்கு மனம் வரவில்லை. காரத்தில் சிவப்பு லிட்மஸ் நீலமாகும் என்று அவன் பலமுறை எழுதியிருப்பான். மஞ்சளும் அப்படியொரு நிறங்காட்டிதான் என்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் மூலக்கூறு, சோப்பின் காரத்தன்மையால் ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அதனால் அது உட்கவரும் ஒளி மாறி, கறை செம்பழுப்பாகத் தெரிகிறது. எலுமிச்சைச் சாறு பட்டால் பழைய மஞ்சள் நிறம் திரும்பும். இந்த விளக்கத்தை உடனே சொல்லிவிடாமல், சிவந்த துணியையும் அரை எலுமிச்சம்பழத்தையும் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.

வேதியியல் ஏன் கடினமாக இருக்கிறது என்று ஆராய்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஜான்ஸ்டன், கண்ணுக்குத் தெரியும் மாற்றம், கண்ணுக்குத் தெரியாத துகள்கள், அவற்றைக் குறிக்கும் குறியீடுகள் என்னும் மூன்று நிலைகளில் மாணவர் ஒரே சமயத்தில் சிந்திக்க வேண்டியிருப்பதைச் சுட்டினார். நம் தேர்வுகள் பெரும்பாலும் மூன்றாவதையே கேட்கின்றன. கொதிக்கும் நீரின் பெரிய குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். 1983இல் வெளியான நியூசிலாந்து ஆய்வொன்றில், காற்று என்றும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றும் மாணவர் பலர் விடையளித்தனர். உள்ளே இருப்பது நீராவிதான். கொதிக்கும்போது நீர் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே தவிர உடைவதில்லை.

கறையும் குமிழியும் புரியாமல் போனால் பெரிய தீங்கில்லை. சலவைத்தூளுடன் (பிளீச்சிங் பவுடரின் பாடநூல் பெயர்) அமிலம் சேர்ந்தால் குளோரின் வெளியேறும் என்று சமன்பாடு எழுதத் தெரிந்த பிள்ளை, பிளீச்சிங் பவுடர் தூவிய குளியலறைத் தரையில் ஆசிட்டை ஊற்றிவிடுமோ என்பதுதான் என் உண்மையான கவலை, ஏனெனில் மூடிய அறையில் அந்த வாயு நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். இன்றே அந்த இரண்டு பொருள்களின் மேலுறைகளையும் அவனைப் படிக்கச் சொல்லி, ஏன் இவற்றைச் சேர்க்கக் கூடாது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.