பெயர் பொறித்த கிடாருக்கு ஒரு லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் ஞாயிறு தேவாலய ஆராதனையிலும் கல்யாண மெல்லிசைக் குழுவிலும் கிடார் வாசிக்கிறேன். ஒரு லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். பிஆர்எஸ் எஸ்இ சில்வர் ஸ்கை, ஐபனெஸ் ஜெம் ஜூனியர், எபிஃபோன் ஸ்லாஷ் லெஸ் பால் ஆகிய மூன்று சிக்னேச்சர் கிடார்களில் எதை வாங்கலாம்? என் கை சிறியது. மூன்று மணி நேரம் நின்று வாசிக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் துபாயிலிருந்து குறைந்த விலைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார்.

பதில்: கடைசி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். துபாய்க்காரர் வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். அப்படி வரும் கிடாருக்கு இங்கே வாரன்ட்டி எதிர்பார்க்காதீர்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) செத்துப்போனாலோ நெக் (கிடாரின் கழுத்து) முறுக்கிக்கொண்டாலோ, உள்ளூர் பில் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொண்டுவந்தவர் போனை எடுக்க மாட்டார்.

அதைவிடப் பெரிய ஆபத்து போலி. எபிஃபோன், கிப்சன் நிறுவனத்தின் விலை குறைந்த பிராண்ட். ஆனால் முப்பதாயிரம், நாற்பதாயிரத்துக்கு ‘கிப்சன் ஸ்லாஷ்’ என்றே படம் அனுப்புகிறார்கள். கிப்சன் என்று எழுதிய கிடாரின் தலைப்பகுதியில், ட்ரஸ் ராடின் (நெக்கை நேராக வைக்கும் உள்கம்பி) முனையை மூடும் சின்னத் தகட்டில் 2 திருகுகள்தான் இருக்கும். 3 திருகு இருந்தால் பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள். 2 இருந்தாலும் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், போலிக்காரர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். உங்களோடு கடைக்கு வந்து ‘இதையே எடு’ என்று அவசரப்படுத்தும் ஆளிடமும் கவனம் தேவை. அவருக்குப் பின்னால் கமிஷன் இருக்கும்.

சரி, கிடாருக்கு வருவோம். சிக்னேச்சர் கிடார் என்றால் ஒரு கலைஞரின் பெயரில் வருவது. கிப்சன் 1952இல் கிடார் கலைஞர் லெஸ் பாலின் பெயரைப் போட்டது. ஃபென்டர் 1988இல் எரிக் கிளாப்டன் பெயரில் ஸ்ட்ராட்டை (ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற அதன் கிடார் மாடல்) கொண்டுவந்தது. இந்தக் கிடார்களில் பெயர் மட்டும் இருப்பதில்லை. அந்தக் கலைஞரின் கைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற அளவுகள் இருக்கின்றன. அவை உங்கள் கைக்குப் பொருந்தினால் காசு தகும், பொருந்தாவிட்டால் ஸ்டிக்கருக்குக் கொடுத்த காசு.

ஜெம் ஜூனியரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கிடார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக உருவான வடிவம், 24 ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), மெல்லிய நெக், வேக வாசிப்புக்கு அருமை. ஆனால் அதன் ட்ரெமலோ (சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல் அமைப்பு) மிதக்கும் வகை, கம்பிகள் பூட்டப்பட்டிருக்கும். மேடையில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். பாடகர் அரை சுருதி இறக்கச் சொன்னால் பூட்டைத் தளர்த்த அலன் கீயை (அறுகோணச் சாவி) தேட வேண்டும். உங்கள் வேலைக்கு இது சரிவராது.

ஸ்லாஷ் லெஸ் பாலின் கம்பி நீளம் 24.75 அங்குலம். மற்ற இரண்டும் 25.5. நீளம் குறைந்தால் ஃப்ரெட்டுகள் நெருங்கி வரும், கம்பி தளர்வாக இருக்கும், சிறிய கைக்கு அது பெரிய உதவி. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் என்பதால் இரைச்சலும் இல்லை. தொல்லை எடைதான். லெஸ் பால் என்றாலே 4 கிலோவை ஒட்டி வரும், வயிற்றுக்குப் பின்னால் குடைவும் கிடையாது. மூன்று மணி நேரத்தில் இடது தோள் கெஞ்சும்.

சில்வர் ஸ்கை எஸ்இ, பாடகரும் கிடார் கலைஞருமான ஜான் மேயரின் அமெரிக்க மாடலை ஒட்டி 2022இல் வந்தது. விரல் பலகையின் வளைவு கார்டு பிடிக்க இதம், தொனியில் நல்ல தெளிவு. அதன் மூன்று பிக்கப்புகளும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) என்பதால் கல்யாண மண்டபத்து சீரியல் செட், டிம்மர், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றால் ‘ம்ம்ம்’ என்று முனகும். கொஞ்சம் திரும்பி நின்றால் குறையும், முழுதாகப் போகாது. அதோடு வாழ முடியுமானால் மூன்றில் இதுதான் உங்களுக்கு.

அளவு பொருந்தினால்தான் காசு தகும் என்றேன். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கிடார் கலைஞர் யிங்வி மால்ம்ஸ்டீன் பெயரில் வரும் ஸ்ட்ராட்டில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். விரல் மரத்தில் படாது, கம்பியை மட்டும் பிடித்து இழுக்கலாம். கமகம் வாசிக்கிறவர்களுக்கு இது வேறு எந்தக் கிடாரிலும் எளிதில் கிடைக்காத வசதி. சக்தி என்ற இந்திய-மேற்கத்திய இசைக் குழுவில் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் இப்படிச் செதுக்கிய பலகையில்தான் வாசித்தார். ஆனால் கையை அழுத்திப் பழகியவர் அதில் கார்டு பிடித்தால் சுருதி ஏறி அபஸ்வரமாகும். நீங்கள் பெரும்பாலும் கார்டு வாசிப்பவர், உங்களுக்கு வேண்டாம். இதைப் பார்த்து உள்ளூர் ஆளிடம் உங்கள் பழைய கிடாரைச் செதுக்கவும் கொடுக்காதீர்கள். போன மரம் திரும்பி வராது.

கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்ட்ராப்பையும் மேடையில் பயன்படுத்தும் எஃபெக்ட்ஸ் பெட்டியையும் எடுத்துப்போங்கள். அரை மணி நேரம் நின்று வாசியுங்கள். கண்ணாடிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, பணம் கட்டினால்தான் எடுத்துத் தருவோம் என்கிற கடைகள் இருக்கின்றன. ஒரு லட்சம் ரூபாய்ப் பொருளை வாசித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து நம்மிடம் வாங்குகிறார்கள், ஒரு நட்டு ஸ்பேர் பார்ட் கேட்டால் மாதக்கணக்கில் பதில் இல்லை. அப்படிப்பட்ட கடையை விட்டு வெளியே வாருங்கள்.

அங்கேயே யமஹா பசிஃபிகா 112 இருந்தால் அதையும் வாசித்துப் பாருங்கள். சிங்கிள் காயில் இரண்டு, ஹம்பக்கர் ஒன்று, விலை உங்கள் லட்சத்தில் பாதிகூட வராது. தேவாலய மிக்சர் வழியாக வரும்போது அவையில் இருப்பவர் வித்தியாசம் கேட்பது சந்தேகம். கையும் அதையே சொன்னால் மிச்சப் பணத்தில் நல்ல எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்குங்கள். எதை வாங்கினாலும் தேர்ந்தவரிடம் ஒருமுறை செட்டப் (கம்பி உயரம், நெக் எல்லாம் சரிபார்ப்பது) செய்துவிடுங்கள். பிக்கப் மாற்றச் சொல்லி யாராவது வந்தால், ஆறு மாதம் வாசித்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.