ரொட்டி ஏன் நனைந்துபோகிறது?

கேள்வி: மாலைத் தேநீருக்கு ஆங்கிலேயத் தோழிகளை அழைத்திருந்தேன். கிரீம் சீஸ் தடவிய வெள்ளரிக்காய் சாண்ட்விச் ஒரு மணி நேரத்தில் சொதசொதவென்று ஆகிவிட்டது. என்ன தவறு செய்தேன்? – ஒரு வாசகி, லண்டன்

பதில்: வெள்ளரிக்காயில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான், சகோதரி. நானும் லண்டனில் குடியேறிய புதிதில் இப்படித்தான் ஒரு தட்டு முழுக்க வீணாக்கினேன். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் வழி சொன்னார். காயைக் காகிதம் போல மெல்லிய வில்லைகளாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு தூவி, வடிகட்டியில் 20 நிமிடம் விடுங்கள். அப்புறம் சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யவே கூடாது!

ரொட்டியில் முதலில் வெண்ணெயை ஓரம் வரை தடவுங்கள். ஈரம் உள்ளே இறங்காமல் அது தடுக்கும். கிரீம் சீஸை வெளியே வைத்து இளக்கி, பொடியாக நறுக்கிய டில், சைவ்ஸ் (வெங்காயத்தாள் போன்ற மெல்லிய தழை), கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல் சேருங்கள். காயில் உப்பு இருப்பதால் சீஸுக்குத் தனியாக வேண்டாம். டில் இலை, நம் சதகுப்பைதான். காய்ந்ததைவிடப் பச்சை இலைக்கே மணம் அதிகம்.

ஓரங்களைக் கடைசியில் வெட்டுங்கள். விருந்தினர் வரும்வரை ஈரத்துணியால் மூடி வைத்தால் ரொட்டி காயாது.